பனாஸ் எழுதிக் கொடுத்த பெயர்கள்: ‘குடும்ப மானம்’ கொலையில் முடிவது எப்படி?

தன்னைக் கொல்லப்போகிறவர்கள் யார் யார் என்று பனாஸ் மஹ்மூத்துக்குத் தெரிந்திருந்தது. 2005 டிசம்பரில் அவர்களுடைய பெயர்களை ஒரு கடிதத்தில் எழுதி லண்டன் காவல்துறையிடம் கொடுத்தார். அடுத்த மாதம் 24ஆம் தேதி, தென் லண்டனின் மிச்சம் வட்டாரத்தில் உள்ள பெற்றோர் வீட்டிலேயே அவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 20.

கடிதத்தில் இருந்த பெயர்களில் சில, பின்னாளில் நீதிமன்றம் தண்டித்தவர்களின் பெயர்களாகவும் இருந்தன.

‘கௌரவக் கொலை’ என்ற செய்தியைப் படிக்கும்போது, மகளின் காதலைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆத்திரத்தில் கத்தியைத் தூக்கிய தந்தையின் உருவமே பலருக்கும் மனத்தில் தோன்றும். பனாஸுக்கு நடந்தது அதுவல்ல. உறவினர்கள் கூடிப் பேசினார்கள். முடிவெடுத்தார்கள். ஆட்களை ஏற்பாடு செய்தார்கள். பிறகு தருணம் பார்த்துக் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் அந்தப் பெண் ஐந்து முறை காவல்துறையை நாடினார்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறிய குடும்பங்களில் நடந்த இத்தகைய கொலைகளை அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கொல்லப்பட்ட பெண்கள் அதை முன்கூட்டியே யாரோ ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர்கள் அதைச் சாதாரண வீட்டுச் சண்டையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

<b>பத்து வயதில் வந்தவர்</b>

பனாஸ் 1985இல் ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் பிறந்தவர். அவருடைய குடும்பம் பிரிட்டனில் தஞ்சம் கேட்டு வந்தபோது அவருக்குப் பத்து வயது. 17 வயதில், குடும்பத்தார் பார்த்து முடிவுசெய்த ஒருவருக்கு, தன்னைவிட ஏறத்தாழ பத்து வயது மூத்தவருக்கு, மணம் முடித்து வைக்கப்பட்டார்.

அந்த வாழ்க்கையைப் பற்றி அவரே காவல்துறையிடம் சொன்ன காணொளிப் பதிவு இன்றும் இருக்கிறது. கணவர் அடித்ததையும், பாலியல் வன்கொடுமை செய்ததையும் தாழ்ந்த குரலில் விவரிக்கிறார். நினைத்தபோது மாட்டிக்கொண்டு கழற்றிப் போடும் காலணியைப் போலத் தன்னை நடத்தினார் என்கிறார். தன்னைச் சிலர் பின்தொடர்வதாகவும், தனக்கு ஏதாவது நடந்தால் அவர்கள்தான் காரணம் என்றும் சொல்கிறார். கடைசியில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இனி எனக்காக என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்.

2005இல் கணவரை விட்டு விலகிப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். பிறகு ரஹ்மத் சுலைமானி என்ற இளைஞரை விரும்பினார். ரஹ்மத் ஈரானியக் குர்தியர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இருவரும் ஒரே இனத்தவர். பனாஸின் உறவு வட்டத்துக்கு அவர் வேறு குலத்தவர், தாங்கள் தேர்ந்தெடுக்காத ஆள். கணவனை விட்டு வந்ததே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. இப்போது இதுவும் சேர்ந்தது.

இந்தக் கதை பனாஸிடமிருந்து தொடங்கவில்லை. அவருடைய அக்கா பெக்கால், பதின்ம வயதிலேயே வீட்டின் கட்டுப்பாடுகளையும் அடிகளையும் தாங்க முடியாமல் வெளியேறிவிட்டார். ஒரு மகளை ‘அடக்க’ முடியாதவர் என்ற பேச்சு தந்தை மஹ்மூத்தின் மேல் விழுந்தது. அவருடைய தம்பி அரி மஹ்மூத் வசதி படைத்தவர், உறவினரிடையே செல்வாக்கு உள்ளவர். அண்ணன் வீட்டு விவகாரத்தைத் தம்பி தன் கையில் எடுத்துக்கொண்டார்.

2005 டிசம்பர் 2ஆம் தேதி அரியின் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. பனாஸையும் ரஹ்மத்தையும் கொல்வது என்று அங்கே முடிவானது. செய்தி பனாஸின் தாயாரின் காதுக்கு எட்டியது. அவர் அதை மகளிடம் சொன்னார். மகள் காவல்துறைக்குச் சென்றார்.

<b>உடைந்த கண்ணாடி</b>

ஆண்டின் கடைசி நாள். விம்பிள்டனில் உள்ள பாட்டி வீட்டுக்குப் பனாஸை வரவழைத்தார் தந்தை. மதுவைத் தொட்டே பழகாத மகளுக்குப் பிராந்தியைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். திரும்பி உட்காரச் சொன்னார். அவர் கைகளில் உறைகள் இருந்தன. என்ன நடக்கப்போகிறது என்று பனாஸுக்குப் புரிந்தது. அங்கிருந்து தப்பி, ஒரு ஜன்னல் கண்ணாடியை உடைத்து, ரத்தம் வழியும் கைகளோடு ஓடிப்போய் ஒரு சிற்றுண்டிக் கடையில் விழுந்தார்.

அங்கு வந்த காவல் அதிகாரி கண்டது, மது அருந்தி நிதானம் இழந்த ஓர் இளம்பெண்ணை. கவனத்தை ஈர்க்கக் கதை கட்டுகிறார் என்று அவருக்குத் தோன்றியது. தந்தையை விசாரிப்பதற்குப் பதிலாக, கண்ணாடியை உடைத்ததற்காகப் பனாஸ்மீதே வழக்குப் போடலாமா என்று யோசித்தார்.

மருத்துவமனையில் பனாஸ் பேசியதை ரஹ்மத் தம்முடைய கைப்பேசியில் பதிவு செய்தார். அந்தக் காலத்துக் கைப்பேசி. படம் மங்கல். ஆனால் கொலை முயற்சியை அவரே தம் வாயால் சொன்ன அந்தச் சிறு பதிவு, பின்னர் நீதிமன்றத்தில் போட்டுக் காட்டப்பட்டது.

2006 ஜனவரியில் இருவரையும் லண்டன் தெருவில் ஒன்றாகக் கண்டவர்கள் அரிக்குத் தகவல் சொன்னார்கள். ஜனவரி 22ஆம் தேதி ரஹ்மத்தைக் காரில் ஏற்றிக் கடத்தும் முயற்சி நடந்தது. அவர் தப்பினார். மறுநாள் இருவரும் காவல்துறையில் முறையிட்டார்கள். பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும்படி பனாஸிடம் சொல்லப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். அம்மா வீட்டில் இருக்கும்போது தனக்கு எதுவும் நடக்காது என்று நம்பினார்.

அதற்கு மறுநாள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியே சென்றார்கள். பனாஸ் தனியாக இருந்தார். மூன்று ஆண்கள் உள்ளே நுழைந்தார்கள்.

பனாஸைக் காணவில்லை என்று புகார் கொடுத்தவர் ரஹ்மத். பெற்றோர் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. விசாரிக்கப் போன அதிகாரிகளிடம், மகள் தன் விருப்பப்படி வந்து போகிறவள், கவலைப்பட ஒன்றுமில்லை என்ற தோரணையில் பேசினார்கள். மூன்று மாதங்கள் கழித்து, பர்மிங்ஹாமில் ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில், பயணப்பெட்டிக்குள் வைத்துப் புதைக்கப்பட்டிருந்த அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது.

<b>யாருடைய மானம்?</b>

குர்து, துருக்கி, பாரசீக மொழிகளில் புழங்கும் ஒரு சொல் ‘நாமூஸ்’. மானம் என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் அது ஒரு தனி வகை மானம். ஓர் ஆண் வீரத்தாலும் கொடையாலும் கல்வியாலும் சம்பாதிக்கும் மதிப்புக்கு வேறு சொற்கள் உண்டு. நாமூஸை யாரும் சம்பாதிக்க முடியாது. இழக்க மட்டுமே முடியும். அந்த இழப்பும் வீட்டுப் பெண்களின் நடத்தை வழியாகவே நேர்கிறது. அதாவது, குடும்பத்தின் மதிப்பு முழுவதும் மகளிடம் கொடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காவல் காக்கும் பொறுப்பு ஆண்களுடையது.

இதில் உண்மை எது, பொய் எது என்பது முக்கியமில்லை. ஒரு பெண் தவறே செய்யாமல் இருக்கலாம். நாலு பேர் பேசத் தொடங்கிவிட்டால் மானம் போய்விட்டது. போனதை மீட்கவும் அந்த நாலு பேர் அறியும்படி ஏதாவது செய்தாக வேண்டும். ரகசியமாகச் செய்த கொலையும் உறவினரிடையே ரகசியமாக இல்லாமல் போவது இதனால்தான்.

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற சொற்றொடர் தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. சொல்லைப் பற்றிய விவாதமும் தமிழில் நடந்திருக்கிறது. சாதியை மீறித் திருமணம் செய்தவர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்பட்டபோது, ‘கௌரவக் கொலை’ என்று எழுதுவது கொலைகாரனுக்கே மரியாதை கொடுப்பதாகும் என்ற எதிர்ப்பு எழுந்தது. ‘ஆணவக் கொலை’ என்ற சொல் நிலைபெற்றது அப்படித்தான். பிரிட்டனின் அரசாங்க ஆவணங்களில் இன்று ‘கௌரவம்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘என்று சொல்லப்படுகிற’ என்ற பொருள்படும் அடைமொழி சேர்க்கப்படுகிறது. தமிழ்ச் சொல் இன்னும் கறாரானது.

திருக்குறளில் மானம் என்றே ஓர் அதிகாரம் உண்டு. அங்கே மானம் என்பது ஒருவர் தம்முடைய செயலால் தாழாமல் இருப்பது. மானம் போனால் தம் உயிரையே பொருட்படுத்தாதவர்களைப் பற்றி அது பேசுகிறது. மகளின் உயிரை எடுத்து மானத்தைக் காப்பது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

<b>குடியேறிய இடத்தில் ஏன் இறுகுகிறது?</b>

புதிய நாட்டுக்கு வந்தால் பழைய பிடி தளரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பல குடும்பங்களில் அப்படித்தான் நடக்கிறது. சில குடும்பங்களில் நேர்மாறாக நடக்கிறது.

சொந்த ஊரில் ஒருவருக்கு நிலம், தொழில், குலப் பெயர், வயதுக்கேற்ற மரியாதை என்று மதிப்புக்குப் பல தூண்கள் இருக்கும். அயல்நாட்டில் அவை எதுவும் செல்லாது. மொழி தெரியாத தந்தைக்கு மகள் மொழிபெயர்க்கிறாள். அலுவலகப் படிவங்களை மகள் நிரப்புகிறாள். தந்தையை மதிக்க மிஞ்சியிருப்பது ஊரிலிருந்து வந்த அந்தச் சிறு கூட்டம் மட்டுமே. வேலை, கடன், வீடு, திருமணச் சம்பந்தம் எல்லாமே அதே கூட்டத்துக்குள் நடக்கின்றன. அந்த வட்டம் ஒதுக்கிவிட்டால் போவதற்கு வேறு இடமில்லை. வீட்டில் இன்னும் மணமாகாத பெண்கள் இருந்தால் அச்சம் இரட்டிப்பாகும். ஒரு மகளைப் பற்றிய பேச்சு மற்ற மகள்களின் சம்பந்தங்களையும் கெடுத்துவிடும் என்பது அவர்களின் கணக்கு.

ஊருக்கும் புதிய நாட்டுக்கும் இடையே தொலைபேசி இருக்கிறது. லண்டன் தெருவில் இரண்டு பேர் சேர்ந்து நடந்தது அன்று மாலையே வேறொரு நாட்டில் உள்ள பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஊரில் காலம் நகர்ந்து பழக்கங்கள் மாறியிருக்கும். வந்த இடத்தில் உள்ளவர்கள், தாங்கள் புறப்பட்ட ஆண்டின் ஊரையே இன்னும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஈராக்கியக் குர்திஸ்தானின் நாடாளுமன்றம், பெண்களை மானத்தின் பெயரால் கொல்வோருக்குத் தண்டனையைக் குறைக்கும் சலுகையை 2002இலேயே நிறுத்திவிட்டது. பனாஸின் உறவினர்கள் லண்டனில் கூடிப் பேசியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

இதை ஓர் இனத்தின் குணமாகவோ ஒரு மதத்தின் கட்டளையாகவோ சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் பனாஸுக்கு நீதி கேட்டு நின்றவர்களில் முன்வரிசையில் இருந்தவர்கள் குர்தியப் பெண்கள். ஈரானியக் குர்தியரான டயானா நம்மி 2002இல் லண்டனில் தொடங்கிய ஈரானிய, குர்தியப் பெண்கள் உரிமை அமைப்பு அந்த வழக்கை விடாமல் பின்தொடர்ந்தது. பனாஸின் வாழ்க்கையை 2012இல் ஆவணப்படமாக எடுத்தவர், நார்வேயில் பிறந்த, பாகிஸ்தானிய-ஆப்கானியப் பின்னணி கொண்ட டியா கான். அந்தப் படம் மறுஆண்டு அனைத்துலக எம்மி விருது பெற்றது.

<b>திரும்பி வருவது அம்மாவுக்காக</b>

பாதுகாப்பான இடம் தருகிறோம் என்று சொன்னபோது பனாஸ் ஏன் போகவில்லை? இந்தக் கேள்வியைப் பலர் கேட்டார்கள். அதில் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது.

சுவீடனில் பனாஸுக்கு நான்கு ஆண்டுகள் முன்னால் கொல்லப்பட்ட ஃபாதிமே ஷாஹின்தால் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். துருக்கியிலிருந்து சிறுவயதில் சுவீடனுக்கு வந்த குர்தியப் பெண் அவர். சுவீடன் இளைஞரைக் காதலித்தார். தந்தையும் தம்பியும் மிரட்டினார்கள். ஃபாதிமே ஒளிந்துகொள்ளாமல் ஊடகங்களிடம் பேசினார், நீதிமன்றத்துக்குப் போனார். இருவருக்கும் தண்டனை கிடைத்தது. சேர்ந்து வாழத் திட்டமிட்டிருந்த நேரத்தில், 1998இல், காதலர் சாலை விபத்தில் இறந்தார்.

2001 நவம்பரில் சுவீடனின் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் ஃபாதிமே பேசினார். பெற்றோரை அவர் அரக்கர்களாகக் காட்டவில்லை. சுவீடன் சமூகம் தம் பெற்றோரை அரவணைத்து உதவியிருந்தால் நிலைமை இவ்வளவு தூரம் வந்திருக்காது என்ற பொருளில் பேசினார். தம் விருப்பப்படி வாழ்வதற்காக ஒட்டுமொத்தக் குடும்பத்தையும் இழந்ததைப் பற்றியும் சொன்னார்.

இரண்டு மாதங்கள் கழித்து, 2002 ஜனவரி 21ஆம் தேதி, அவர் உப்சாலா நகருக்கு ரகசியமாகச் சென்றார். அவர் அங்கே வரக் கூடாது என்பது குடும்பத்தின் நிபந்தனை. அம்மாவையும் சகோதரிகளையும் பார்க்கத்தான் போனார். தந்தைக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின், சகோதரிகளின் கண்முன்னே தந்தை அவரைச் சுட்டுக் கொன்றார். உப்சாலா பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் சுவீடனின் பட்டத்து இளவரசியும் கலந்துகொண்டார்.

ஒரு பெண்ணிடம் ‘வீட்டை விட்டு வந்துவிடு’ என்று சொல்லும்போது, வீட்டை மட்டும் விட்டு வரும்படி யாரும் சொல்வதில்லை. அம்மாவின் குரல், தங்கையின் திருமணம், தாய்மொழி, பெருநாள் சமையல், சிறுவயதுப் பெயர் என எல்லாவற்றையும் விட்டு, புதிய ஊரில், புதிய பெயரில், யாரையும் அறியாமல் வாழச் சொல்கிறார்கள். இருபது வயதில் அந்தத் தனிமையைத் தாங்குவது எளிதல்ல. இரண்டு வாரங்கள் கழித்து, ‘வந்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று அம்மா அழைத்தால் பெரும்பாலோர் போய்விடுவார்கள். கனடாவின் மொன்ட்ரியால் நகரில், ஆப்கானியக் குடும்பமான ஷாஃபியா வீட்டின் மூத்த மகள் 2009இல் காப்பகத்திலிருந்து வீடு திரும்பியது அப்படித்தான்.

<b>‘பேசித் தீர்க்கலாம்’ என்பதில் உள்ள ஆபத்து</b>

ஷாஃபியா சகோதரிகள் மூவர், வயது 19, 17, 13. அவர்களும் தந்தையின் முதல் மனைவியும் 2009 ஜூன் 30ஆம் தேதி, கிங்ஸ்டன் நகரின் கால்வாயில் மூழ்கிய காருக்குள் சடலமாகக் கிடைத்தார்கள். விபத்து என்று முதலில் சொல்லப்பட்டது. 2012 ஜனவரியில் தந்தை, தாய், அண்ணன் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

அந்தப் பிள்ளைகளும் சொல்லியிருந்தார்கள். நடு மகள் பள்ளியில் சொன்னார். பள்ளி குழந்தை நலத் துறையிடம் தெரிவித்தது. ஆனால் தாம் சொன்னது பெற்றோரின் காதுக்குப் போகும் என்று அறிந்ததும் அந்தப் பெண் பின்வாங்கினார். பின்னொரு நாள் பிள்ளைகள் காவல்துறையை வரவழைத்தபோதும், பெற்றோர் வீடு வந்து சேர்ந்ததும் பேச்சு மாறியது. கோப்பு மூடப்பட்டது.

இங்கேதான் பிரிட்டனில் இன்று ‘ஒரே வாய்ப்பு’ விதி என்று அழைக்கப்படுவது முக்கியமாகிறது. உதவி கேட்டு வரும் பெண்ணுடன் பேச ஓர் ஆசிரியருக்கோ, தாதிக்கோ, காவலருக்கோ ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கக்கூடும். அதைத் தவறவிட்டால் அந்தப் பெண் மறுபடி வராமலே போகலாம். எனவே அவரைத் தனியாக, பாதுகாப்பான இடத்தில் வைத்துப் பேச வேண்டும். அவர் சொன்னதை நம்ப வேண்டும். குடும்பத்தாரைத் தொடர்புகொள்ளக் கூடாது. உறவினரையோ அதே சமூகத்தில் தெரிந்தவரையோ மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது. சமரசம் பேசக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் நம்மைப் போன்ற சமூகங்களுக்கு ஏற்கக் கடினமானது. வீட்டுப் பிரச்சினை வெளியே வந்தால், ஊர்ப் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசி முடிப்பதே நல்ல வழி என்று பழகியவர்கள் நாம். சாதாரணச் சண்டைகளுக்கு அது உதவவும் செய்யும். ஆனால் பிரச்சினையே ‘வெளியே தெரிந்துவிட்டது’ என்பதாக இருக்கும்போது, நல்லெண்ணத்தோடு தந்தைக்குச் செய்யும் ஒரு தொலைபேசி அழைப்பு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். நடுவில் உட்காரும் பெரியவரே அந்த ‘நாலு பேரில்’ ஒருவராக இருக்கலாம். பனாஸின் வீட்டில் நடுவராக இருந்தவர் சித்தப்பா அரி.

தாய் இருக்கிறாரே என்று நம்பிப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதும் பாதுகாப்பல்ல. ஷாஃபியா வழக்கில் தாயும் தண்டிக்கப்பட்டார். இங்கிலாந்தின் வாரிங்டனில் 2003இல் கொல்லப்பட்ட 17 வயது ஷஃபீலியா அகமதுவின் வழக்கிலும் தாயும் தந்தையும் சேர்ந்தே 2012இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். ஷஃபீலியாவும் முன்பே வீட்டை விட்டு ஓடி, தங்க இடம் கேட்டு நகர மன்றத்தில் விண்ணப்பித்தவர்தான். அவரைக் காணவில்லை என்று புகார் செய்தவர் அவருடைய முன்னாள் ஆசிரியர்.

<b>கரண்டியும் சட்டமும்</b>

பள்ளி விடுமுறை தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்கள் பிரிட்டனில் இவ்விஷயத்தில் கவலைக்குரிய காலம். ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்லி ஊருக்கு அழைத்துச் சென்று, அங்கே கட்டாயத் திருமணம் செய்துவைப்பது நடக்கிறது. ஜஸ்விந்தர் சங்கேரா தொடங்கிய கர்மா நிர்வாணா என்ற அறநிறுவனம் 2013இல் பெண்களுக்கு ஒரு யோசனை சொன்னது. விமான நிலையத்துக்குப் போகும்போது உள்ளாடைக்குள் ஒரு கரண்டியை வைத்துக்கொள்ளுங்கள். உலோகச் சோதனைக் கருவி ஒலிக்கும். அதிகாரிகள் தனியறைக்கு அழைத்துப் போவார்கள். குடும்பத்தார் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் உண்மையைச் சொல்லிவிடலாம்.

சட்டம் மெதுவாகவே நகர்ந்தது. கட்டாயத் திருமணத்தைத் தடுக்க நீதிமன்ற ஆணை பெறும் வழி 2008 முதல் நடப்பில் உள்ளது. 2014இல் கட்டாயத் திருமணம் தனிக் குற்றமானது. அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் பெண்கள் அமைப்புகளும் உண்டு. அப்பா, அம்மா சிறைக்குப் போவார்கள் என்றால் எந்த மகளும் புகார் கொடுக்க வரமாட்டாள் என்பது அவர்களின் வாதம். ஃபாதிமேயும் பனாஸும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமண வயது 2023 பிப்ரவரியில் 18 ஆனது. அதுவரை பெற்றோர் சம்மதித்தால் 16 வயதே போதும். சுவீடன் 2022 ஜூனில் மானத்தின் பெயரால் ஒருவரைத் தொடர்ந்து ஒடுக்குவதையே தனிக் குற்றமாக்கியது.

ஆனால் சட்டப் புத்தகம் மாறுவதும், காவல் நிலையத்து முகப்பில் உட்கார்ந்திருப்பவர் மாறுவதும் ஒன்றல்ல. பனாஸ் இறந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைகளைச் சோதித்த ஆய்வாளர்கள், 43 காவல் படைகளில் மூன்று மட்டுமே இத்தகைய புகார்களை எதிர்கொள்ள எல்லா வகையிலும் தயாராக இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள்.

<b>சாட்சிக் கூண்டில் அக்கா</b>

பனாஸின் வழக்கை நடத்தியவர் காவல்துறைத் தலைமைப் புலனாய்வாளர் கேரோலின் குட். வழக்கமான கொலை விசாரணையில் குடும்பம் காவல்துறையின் பக்கம் நிற்கும், தகவல் கொடுக்கும், விரைவுபடுத்தச் சொல்லும். இங்கே சந்தேகத்துக்குரியவர்களே குடும்பத்தினர். சுற்றியிருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. திறந்தவர்களில் பலர் பொய் சொன்னார்கள். கொலையாளிகளில் இருவர் ஈராக்குக்குத் தப்பியோடினார்கள். குட்டின் குழு விடவில்லை. இருவரும் பிரிட்டனுக்கு அனுப்பிவைக்கப்பட்டு 2010இல் தண்டிக்கப்பட்டார்கள். குற்றவாளிகளை ஈராக் பிரிட்டனிடம் ஒப்படைத்தது அதுவே முதல் முறை.

அதற்கு முன்பே, 2007இல், தந்தை மஹ்மூத்துக்குக் குறைந்தது 20 ஆண்டுகளும், சித்தப்பா அரிக்குக் குறைந்தது 23 ஆண்டுகளும் சிறையில் இருக்கும்படி ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் பெக்கால், முன்பே வீட்டை விட்டு வெளியேறிய அதே அக்கா. முகத்தை மூடிய கறுப்பு அங்கியோடு நீதிமன்றத்துக்கு வந்தார். பெற்ற தந்தைக்கு எதிராக இத்தகைய கொலை வழக்கில் ஒரு மகள் சாட்சி சொன்னது பிரிட்டனில் அதற்கு முன் நடந்ததில்லை. ரஹ்மத்தும் சாட்சி சொன்னார்.

பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு வாழ்ந்த ரஹ்மத், 2016இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பெக்கால் பல ஆண்டுகள் கழித்துப் பொதுவெளியில் பேசத் தொடங்கினார். மானத்தின் பெயரால் நடக்கும் வன்முறைக்குச் சட்டத்தில் தெளிவான விளக்கம் வேண்டும், தண்டனை விதிக்கும்போது அந்த நோக்கத்தைக் கூடுதல் குற்றமாகக் கருத வேண்டும் என்று, சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்புடன் சேர்ந்து தங்கையின் பெயரில் இயக்கம் நடத்தினார். சட்டபூர்வ விளக்கம் கொண்டுவரப்படும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் 2025இல் அறிவித்தது.

கோரிக்கையில் பாதியாவது நிறைவேறும் நிலைக்கு வந்திருக்கிறது. பெக்கால் இன்னும் சாட்சிப் பாதுகாப்பில்தான் இருக்கிறார். அவர் வசிக்கும் ஊர் எதுவென்று வெளியே சொல்லப்படுவதில்லை.